கிக்கர், செல்ப், பேட்டரி: ஒரு வரவு செலவுக் கதை

பழைய மோட்டார் சைக்கிள் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பழி விழுவது பேட்டரி மேல்தான். "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்று சொல்வதற்கு ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நாமும் மாற்றுகிறோம். ஒரு மாதம் நன்றாக ஓடும். மறுபடி அதே கதை. இரண்டு பேட்டரி இப்படிப் போனதும், "இந்தப் பழைய இரும்பை இன்னும் எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று வீட்டில் கேட்க ஆரம்பிப்பார்கள். அடுத்து காயலான் கடைக்காரர் வந்து நிற்பார். இஞ்சினில் ஒரு குறையும் இல்லாமல் இப்படி வாசலை விட்டுப் போன வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் கணக்குப் பிரிவில் லெட்ஜரோடு காலம் தள்ளியவன். அதனாலோ என்னவோ, இந்த பேட்டரி விவகாரமும் எனக்கு வரவு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது. பேட்டரி மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை. அது உண்டியல் மாதிரி. போட்டால் இருக்கும், எடுத்தால் குறையும். உண்டியல் காலியாக இருக்கிறதே என்று புது உண்டியல் வாங்கி வைத்தால் அதில் காசு சேர்ந்துவிடுமா? வரவு ஏன் குறைந்தது, செலவு எங்கே கூடியது, யாராவது கை வைத்தார்களா என்று அல்லவா பார்க்க வேண்டும்?

மோட்டார் சைக்கிளுக்கு இந்த உண்டியல் எப்படி வந்தது, நடுவில் எப்படிப் போனது, மறுபடி ஏன் வந்தது என்பது சுவையான வரலாறு. அது தெரிந்தால் பழைய வண்டியின் நோயும் பாதி புரிந்துவிடும்.

பேட்டரி வந்தது, போனது

முதன்முதலில் வந்த மோட்டார் வண்டிகளிலேயே பேட்டரி இருந்தது. 1895ல் பிரான்சில் டி டியோன் பூட்டோன் நிறுவனம் செய்த மூன்று சக்கர வண்டியில், பிளக்கில் பொறி வரவழைக்க ஒரு பேட்டரியும் காயிலும் வைத்தார்கள். ஆனால் அதைச் சார்ஜ் செய்ய வண்டியில் ஒன்றும் கிடையாது. செலவு மட்டும் உண்டு, வரவு இல்லை. ஓட்ட ஓட்டப் பேட்டரி இறங்கும். தீர்ந்தால் வண்டி நடுவழியில் நிற்கும். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் தூரப் பயணத்துக்குக் கையில் இன்னொரு பேட்டரியோடு கிளம்பியதும் உண்டு.

இதற்கு விடிவு ஜெர்மனியிலிருந்து வந்தது. ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் போஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர் 1902ல் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். மேக்னெட்டோவுக்குப் பேட்டரி வேண்டாம். காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் சுற்றும். அந்தச் சுழற்சியிலேயே மின்சாரம் பிறந்து, அங்கேயே உயர் அழுத்தமாகி, பிளக்குக்குப் போய்விடும். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் குடும்பம் மாதிரி. சேமிப்பும் இல்லை, கடனும் இல்லை. இஞ்சின் சுற்றினால் பொறி உண்டு, அவ்வளவுதான்.

மேக்னெட்டோ உலகம் முழுவதும் பரவியது. பிரிட்டன் தனக்கு வேண்டிய மேக்னெட்டோக்களுக்கு ஜெர்மனியையே பெரிதும் நம்பியிருந்தது. 1914ல் அதே ஜெர்மனியோடு போர் மூண்டபோது திண்டாடிப் போனார்கள். பிறகு அவசர அவசரமாகச் சொந்தமாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

இரவில் வெளிச்சத்துக்கு அப்போது கார்பைடு விளக்குதான். திருவிழாக் கடைகளில் எரியுமே, அதே விளக்கு. கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அதிலிருந்து வரும் வாயு எரியும். ஹாரனுக்கு ரப்பர் பந்து. ஆக, வண்டியில் பேட்டரிக்கு வேலையே இல்லை. ஓட்டுபவரின் காலுக்கு மட்டும்தான் வேலை.

காலத்துக்கு முந்திய பட்டன்

காலால் உதைக்காமல், பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது. காரில் அதை நடத்திக் காட்டியவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1912ம் வருஷத்து காடிலாக் காரில் அவருடைய செல்ப் ஸ்டார்ட்டர் வந்தது. இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கெட்டரிங் அதற்கு முன் வேலை பார்த்தது கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்யும் நிறுவனத்தில். கல்லாப்பெட்டியைத் திறக்க ஒரு சிறிய மோட்டார் வைத்தார். அது நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி மூச்சைப் பிடித்து இழுத்தால் போதும். சிறிய மோட்டாரானாலும் சில நொடிகளுக்குத் தன் சக்திக்கு மீறிய வேலையைச் செய்யும் என்ற அந்தப் பாடம்தான் கார் ஸ்டார்ட்டருக்கும் கைகொடுத்தது.

காரில் வந்தது மோட்டார் சைக்கிளிலும் வரட்டுமே என்று துணிந்தது அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி. பெயர்தான் இந்தியன், இருந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில். 1914ல் 'ஹெண்டி ஸ்பெஷல்' என்று ஒரு வண்டியை வெளியிட்டார்கள். இரட்டை சிலிண்டர், மின் விளக்கு, மின் ஹாரன், அதோடு மின்சார ஸ்டார்ட்டர். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 12 வோல்ட். ஸ்டார்ட் செய்யும் அதே மோட்டார், வண்டி ஓடும்போது டைனமோவாக மாறிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அந்தக் காலத்துப் பேட்டரியால் தாக்குப் பிடிக்க முடியவில்லை. பட்டனை அழுத்தினால் பெருஞ்செலவு, ஓடும்போது வரும் வரவோ சொற்பம். மோட்டார் சைக்கிளின் குலுக்கல் வேறு. பேட்டரி இறங்கி வண்டிகள் நின்றன. வெளிவந்த வருஷத்திலேயே அந்த மாடலைக் கைவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிளில் செல்ப் ஸ்டார்ட்டும் பேட்டரி இறங்குவதும் ஒரே வருஷத்தில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லலாம். அன்று வந்த நோய்க்கும் இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் நோய்க்கும் அடிப்படை ஒன்றேதான்.

டைனமோ காலம்

பட்டன் போனாலும் விளக்கு போகவில்லை. 1920களில் கார்பைடு விளக்கு மறைந்து மின் விளக்கு வந்தது. விளக்குக்கு மின்சாரம் வேண்டும் என்பதால் டைனமோ வந்தது. வண்டி நிற்கும்போதும் விளக்கு எரிய வேண்டுமே, அதற்காகப் பேட்டரி திரும்பி வந்தது. பர்மிங்காமின் ஜோசப் லூகாஸ் கம்பெனி, மேக்னெட்டோவின் முதுகில் டைனமோவை ஏற்றி 'மேக்டைனோ' என்று ஒன்றைச் செய்தது. 1949ல் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டிலும் அதுதான். இதில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. பொறிக்கு மேக்னெட்டோ, விளக்குக்கு டைனமோவும் பேட்டரியும். இரண்டும் தனிக் கணக்கு. பேட்டரி செத்தால் விளக்குதான் போகும், வண்டி வீடு வந்து சேர்ந்துவிடும்.

டைனமோவோடு 'கட்-அவுட்' என்ற சிறிய பெட்டியும் வந்தது. வண்டி ஓடும்போது டைனமோவையும் பேட்டரியையும் அது இணைக்கும். நின்றால் பிரிக்கும். பிரிக்காமல் அதன் பாயிண்ட் ஒட்டிக்கொண்டால் விபரீதம். பேட்டரியில் உள்ள சார்ஜ் எல்லாம் டைனமோவுக்குள்ளேயே திரும்ப ஓடி ஒரே ராத்திரியில் காலியாகிவிடும். சாவியை எடுத்த பிறகும் பேட்டரி இறங்கும் நோய்க்கு இது ஆதிகாலத்து உதாரணம்.

லூகாஸ் கம்பெனியை ஆங்கிலேயர்களே 'இருட்டின் இளவரசன்' என்று கேலி செய்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடுமாம். அதில் பாதி நியாயம், பாதி கிண்டல். 6 வோல்ட் மின்சாரத்தில் ஒரு தொல்லை இயல்பாகவே இருக்கிறது. 30 வாட் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட்டில் அது 5 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர்தான். வழியில் எங்கோ ஒரு துருப்பிடித்த இணைப்பு, அதன் தடை வெறும் 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட் வண்டியில் அங்கே சுமார் 1 வோல்ட் போய்விடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்தான், இருபத்து நாலில் ஒரு பங்கு. அதே துரு, ஆனால் நஷ்டம் நாலு மடங்கு. நகைக்கடையில் சேதாரம் என்று கழிப்பார்களே, அதுபோல ஒவ்வொரு இணைப்பும் ஒரு சேதாரம் எடுக்கும். 6 வோல்ட்டில் அது கட்டுப்படியாகாது.

இன்னொன்று, அக்கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். இன்று நமக்குப் பழக்கமானது நெகட்டிவ் எர்த். பழைய வண்டியில் கை வைப்பவர் அதைக் கவனிக்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டால், ரெக்டிஃபையர் உள்ள வண்டியில் அது புகைந்து போகும். பேட்டரி மாற்றுமுன் பழைய பேட்டரி எந்த முனையில் எர்த் ஆகியிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

பொறிக்கும் பேட்டரி வந்தது

1950களில் பெரிய மாற்றம் நடந்தது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. செலவு மிச்சம் என்று மேக்னெட்டோவையும் நீக்கி, காயில் இக்னிஷன் வைத்தார்கள். டிரையம்ஃப் கம்பெனியின் ஸ்பீடு ட்வின் 1953ல் இப்படி மாறியது. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தொடர்ந்தார்கள். இதன் விளைவு என்ன? விளக்குக் கணக்கும் பொறிக் கணக்கும் ஒன்றாகிவிட்டன. இனிப் பேட்டரி செத்தால் வண்டியே செத்தது.

செய்தவர்களுக்கும் இந்தப் பயம் இருந்தது. அதனால் சாவி ஸ்விட்சிலேயே 'எமர்ஜென்சி' என்று ஒரு இடம் வைத்தார்கள். பேட்டரி காலியானால் சாவியை அங்கே திருப்பி உதைக்க வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் நேராகக் காயிலுக்குப் போய் வண்டி கிளம்பும். கிளம்பியதும் சாவியைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும்.

அந்த முதல் ஆல்டர்னேட்டர்களுக்கு வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. விளக்கு ஸ்விட்சை வைத்தே கணக்கு. விளக்கு அணைந்திருந்தால் சில சுருள்கள் மட்டும் சார்ஜ் செய்யும், விளக்கைப் போட்டால் எல்லாச் சுருள்களும் சேரும். காகிதத்தில் சரி. ஆனால் நகரத்துக்குள் மெதுவாக ஓட்டுபவருக்கு வரவு போதாது, நெடுஞ்சாலையில் பறப்பவருக்கு மிதமிஞ்சிப் போய் ஆசிட் கொதித்து வற்றும். 1960களின் நடுவில் 12 வோல்ட்டும் ஸீனர் டையோடும் வந்த பிறகுதான், மிஞ்சிய மின்சாரத்தைச் சூடாக்கி வெளியே தள்ளும் வழி பிறந்தது.

திருவொற்றியூர் புல்லட்

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1955ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1961ல் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் கூட்டாக லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனத்தை ஏற்படுத்தி, பாடியில் வண்டிகளுக்கான மின் சாமான்களைச் செய்யத் தொடங்கின. இங்கிலாந்தில் பழைய புல்லட் நின்றுபோன பிறகும் திருவொற்றியூர் புல்லட் நிற்கவில்லை. அங்கே மியூசியத்துக்குப் போன முறைகள் இங்கே போலீஸ்காரர்களையும் பால்காரர்களையும் சுமந்துகொண்டு பல பத்தாண்டுகள் ஓடின. பழைய வண்டி மின்சாரத்தின் நுணுக்கம் நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் விரல் நுனியில் தங்கியதற்கு அதுதான் காரணம்.

புல்லட்டின் ஹெட்லைட் மூடியில் ஸ்பீடாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆம்ப் மீட்டர் இருந்தது. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் பிளஸ், மறு பக்கம் மைனஸ். வண்டியின் பாஸ்புக் அது. வரவா செலவா என்று ஓட்டுபவருக்கு அந்த நிமிஷமே காட்டிவிடும்.

ஸ்டார்ட் செய்வதற்கும் அந்த முள்தான் வழிகாட்டி. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கினால் முள் மைனஸ் பக்கம் சாயும். பிளாட்டினம் பாயிண்ட் மூடியிருக்கிறது, காயில் மின்சாரம் எடுக்கிறது என்று அர்த்தம். இன்னும் அமுக்கினால் கிக்கர் கெட்டியாகும், முள் டக்கென்று நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. இப்போது டிகம்ப்ரஷன் லிவரைப் பிடித்து, கிக்கரைச் சற்றே தள்ளி, லிவரை விட்டு ஒரே உதை. தெரிந்தவர் உதைத்தால் ஒரே கிக்கில் 'டப் டப்' என்று கிளம்பும். தெரியாதவர் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைத்துக் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும்.

அந்த முள் நோயையும் சொல்லும். சாவி போட்டுக் கிக்கரை எங்கே வைத்தாலும் முள் அசையவே இல்லையா? காயிலுக்கு மின்சாரம் போகவில்லை. ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், பேட்டரி முனை, அழுக்கேறிய பாயிண்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு நடுவுக்கு வர மறுக்கிறதா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் எர்த் அடிக்கிறது. வண்டி வேகமாக ஓடியும் பிளஸ் பக்கம் போகவில்லையா? வரவு நின்றுவிட்டது, ஆல்டர்னேட்டரையும் ரெக்டிஃபையரையும் பார். சாவியை எடுத்த பிறகும் மைனஸில் நிற்கிறதா? எங்கோ பெரிய கசிவு.

சாவியை மறந்து விட்டுவிட்டுப் போவதுதான் அன்று நிறையப் பேரை மாட்டிவிட்டது. பாயிண்ட் மூடிய நிலையில் இஞ்சின் நின்றிருந்தால் காயில் சும்மாவே 3, 4 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும். 12 ஆம்பியர்-அவர் பேட்டரி மூன்று நான்கு மணி நேரத்தில் சுத்தம். காயிலும் சூடாகிக் கெட்டுப் போகலாம். சினிமா முடிந்து வந்து பார்த்தால் வண்டி உயிரற்றுக் கிடக்கும்.

அதே காலத்தில் பேட்டரியே இல்லாமல் ஓடிய வண்டிகளும் நம் தெருக்களில் நிறைய. லூனா மொபெட், 1980ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 எல்லாம் ஃபிளைவீல் மேக்னெட்டோ வண்டிகள். ஆக்சிலேட்டரைத் திருகினால் விளக்கு பளிச்சென்று எரியும், விட்டால் மங்கும். வண்டி நின்றால் வெளிச்சமும் நின்றது. ஆனால் ஆறு மாதம் திண்ணையில் கிடந்தாலும் பெட்ரோல் ஊற்றி மிதித்தால் கிளம்பிவிடும்.

பட்டன் திரும்பி வந்தது

1914ல் தோற்ற பட்டனை மோட்டார் சைக்கிளில் வெற்றி பெற வைத்தவர்கள் ஜப்பானியர்கள். ஹோண்டா 1950களின் கடைசியில் சிறிய வண்டிகளுக்கே செல்ப் வைத்தது. 1959ல் வந்த 125 சி.சி. பென்லியில்கூட அது இருந்தது. 1969ல் ஹோண்டா சி.பி. 750 வந்தபோது பெரிய வண்டிக்கும் பட்டன் சர்வ சாதாரணம் ஆகிவிட்டது. பிரிட்டிஷ்காரர்களும் முயன்றார்கள். 1963ல் நார்ட்டன் எலக்ட்ரா, இரண்டு 6 வோல்ட் பேட்டரியோடு. 1975ல் 850 சி.சி. நார்ட்டன் கமாண்டோவில் செல்ப் வைத்தார்கள். இஞ்சின் பெரிது, மோட்டாருக்குப் பலம் போதவில்லை. அது ஸ்டார்ட்டர் இல்லை, கிக்கருக்கு ஒத்தாசை என்று கேலி செய்தார்கள்.

நம் நாட்டில் 1984ல் கினெடிக் ஹோண்டா ஸ்கூட்டர் வந்தபோது, பட்டனை அழுத்தியதும் அது கிளம்பியதை வேடிக்கை பார்த்தவர்கள் நாம். புல்லட்டில் செல்ப் பரவலானது 2000க்குப் பிறகுதான்.

செல்ப் வந்ததும் கணக்கின் அளவே மாறிவிட்டது. விளக்குக்கு 5 ஆம்பியர் செலவு என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பல மடங்கு. 80 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு கெட்ட இணைப்பு, தடை 0.05 ஓம்தான். விளக்குக்கு அந்த இடத்தில் கால் வோல்ட் நஷ்டம், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டருக்கோ 4 வோல்ட் நஷ்டம். மோட்டார் சுற்றாது, 'டக் டக்' என்று ரிலே மட்டும் அடிக்கும். "லைட் எரியுது, ஹாரன் அடிக்குது, செல்ப் மட்டும் எடுக்கலை" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சேதாரக் கணக்கும் ஒரு சந்தேக நபராக நிற்கும்.

நாலு கணக்கு

பேட்டரி கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது நாலே கணக்கு. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும்.

முதலாவது, கையிருப்பு. வண்டி ஒரு ராத்திரி நின்ற பிறகு பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பாருங்கள். நல்ல சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி 12.6க்கு மேல் காட்டும். 12.0 என்றால் பெரும்பகுதி காலி. 6 வோல்ட் பேட்டரிக்கு 6.3, 6.4 இருக்க வேண்டும். முழு சார்ஜ் ஏற்றி, எல்லா ஒயரையும் கழற்றித் தனியாக வைத்தும் ஓரிரு நாளில் இறங்கினால், அப்போது மட்டும் குற்றவாளி பேட்டரிதான்.

இரண்டாவது, வரவு. வண்டியை ஸ்டார்ட் செய்து சற்றே ரேஸ் கொடுத்துப் பாருங்கள். ரெகுலேட்டர் உள்ள 12 வோல்ட் வண்டியில் 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறாமல் அதே 12ல் நின்றால் வரவு இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனையில் வண்டி ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். ரெக்டிஃபையரும் பல்புகளும் போய்விடும்.

மூன்றாவது, கசிவு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றி, அந்த இடைவெளியில் மீட்டரை ஆம்பியரில் வைத்து இணையுங்கள். கடிகாரமோ கம்ப்யூட்டரோ இல்லாத பழைய வண்டியில் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். வெறும் 50 மில்லி ஆம்பியர் காட்டினாலும் ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகிறது. 9 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு வாரத்தில் காலி. மீட்டர் இணைந்திருக்கும்போது செல்ப் பட்டனைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கசிவு இருந்தால் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் பூஜ்யமாகிறதோ அங்கேதான் திருடன்.

நண்பர் ஒருவர் ஒரே வருஷத்தில் மூன்று பேட்டரி மாற்றினார். கடைசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் இப்படித்தான் பார்த்தார். 80 மில்லி ஆம்பியர் கசிவு. ரெக்டிஃபையர் ஒயரைக் கழற்றியதும் பூஜ்யம். அதிலிருந்த ஒரு டையோடு கெட்டு, பேட்டரி ராத்திரி முழுவதும் ஆல்டர்னேட்டர் சுருள் வழியாக வடிந்துகொண்டிருந்தது. ரெக்டிஃபையரை மாற்றிய பிறகு பேட்டரி கடைப் பக்கமே அவர் போகவில்லை. ரெக்டிஃபையர் இல்லையென்றால் ஹேண்டில்பார் கழுத்திலும் டேங்குக்கு அடியிலும் பாருங்கள். வருஷக் கணக்கில் உரசி உரசி ஒயரின் தோல் போயிருக்கும்.

நான்காவது, சேதாரம். ஒருவரைச் செல்ப் பட்டனை அழுத்தச் சொல்லி, மீட்டரை வோல்ட்டில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் உடம்புக்கும் நடுவே பாருங்கள். பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் முனைக்கும் நடுவேயும் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கேபிளோ, ரிலேயோ, துருப்பிடித்த எர்த் போல்ட்டோ மின்சாரத்தைத் தின்கிறது. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துத் திரும்ப முடுக்கினாலே பல சமயம் செல்ப் துள்ளி எழும்.

இவை நாலும் சரியாக இருந்தும் இறங்குகிறதா? அப்படியானால் வண்டியைப் போதிய தூரம் ஓட்டுவதில்லை என்று பொருள். 60 ஆம்பியரில் 5 விநாடி செல்ப் அடித்தால் அதை ஈடுகட்ட, 1 ஆம்பியர் மிச்சம் சார்ஜில் 5 நிமிஷம் ஓட்ட வேண்டும். பத்து முறை அடித்துக் கிளப்பி, தெருமுனைக் கடைக்குப் போய்த் திரும்பினால் கணக்கு எப்படி நேராகும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது பேட்டரிக்கும் பொருந்தும். ஓட்டாத வண்டிக்கு மாதம் ஒரு முறை வெளியே சார்ஜ் ஏற்றி வைப்பது உத்தமம். ஆசிட் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்க்க மறக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் தீக்குச்சி உரசக்கூடாது.

இப்போது

2017 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வரும் புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கிறது. கார்புரேட்டர் போய், பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் பெட்ரோல் பம்பும் இன்ஜெக்டரும் வந்துவிட்டன. 2023ல் வந்த புதிய புல்லட் 350ல் கிக்கரே கிடையாது. பேட்டரி அடியோடு காலியானால் தள்ளிக் கிளப்புவதும் கஷ்டம். நூறு வருஷத்துக்கு முன் மேக்னெட்டோ கொடுத்த சுதந்திரத்தை, சௌகரியத்துக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத் தின்றுவிட்டோம். அதில் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். முட்டி வலி உள்ள எனக்குப் பட்டனின் அருமை தெரியும்.

ஆனால் அந்தப் பாஸ்புக்கைப் படிக்கத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் தேடினால் பழைய வண்டிக்கு ரெக்டிஃபையர், காயில், கண்டென்சர் இன்னும் கிடைக்கும். எது வேண்டும் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஆள்தான் தேட வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரில் பாயிண்ட் இடைவெளியைக் கண்ணாலேயே அளக்கும் பழைய எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தால், ஷெட்டில் நிற்கும் வண்டியை அவர் கடை திறந்திருக்கும்போதே அவரிடம் காட்டிவிடுங்கள். கூடவே பேரனையும் அழைத்துப் போய் நாலு கணக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மல்டிமீட்டரின் விலை, ஒரு பேட்டரியின் விலையை விடக் குறைவுதான்.